கிரக்கோவ்: ஆலயங்களின் நகரம் நமக்குச் சொல்வது

போலந்து நாட்டின் தென்பகுதியில், விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழம்பெரும் நகரம் கிரக்கோவ். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் 1938ம் ஆண்டு கல்லூரி மாணவராக இந்நகருக்கு வந்தார். இங்கே தொழிலாளியாக உழைத்தார், குருவானார், ஆயரானார், பேராயரானார். 1978ம் ஆண்டு இங்கிருந்துதான் உரோமைக்குச் சென்றார். 2016ம் ஆண்டு ஜூலை மாதம் உலக இளையோர் நாள் நடைபெற்றதும் இந்நகரில்தான். எனவே, நம்மில் பலருக்கு இது கேள்விப்பட்ட பெயரே.

1978ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, அதில் இடம்பெற்றவை 12 மட்டுமே. அவற்றுள் ஒன்று கிரக்கோவின் பழைய நகரம். இன்னொன்று அதன் அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கம்.

இந்நகரின் வரலாற்றையும், அங்கே காண வேண்டிய இடங்களையும் இக்கட்டுரையில் பார்ப்போம். அதனுடன் ஒரு கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்வோம். ஓர் ஊரின் இறைநம்பிக்கை எங்கே குடியிருக்கிறது? கட்டிடங்களிலா, மக்களிடமா? கிரக்கோவின் ஒரு பகுதியில் ஆலயம் இல்லாமல் மக்கள் இருந்தார்கள். இன்னொரு பகுதியில் தொழுகைக்கூடங்கள் நிற்கின்றன, அவற்றை நிறைத்திருந்த மக்கள் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்நகரம் நமக்குப் புரியும்.

வாவெல் குன்று

கிரக்கோவைப் பார்க்கச் செல்வோர் பொதுவாகத் தொடங்குவது வாவெல் குன்றில். ஆற்றின் வளைவில் எழும் இக்குன்றின் மீது அரச மாளிகையும் பேராலயமும் அருகருகே உள்ளன. கி.பி. 1000ம் ஆண்டில் கிரக்கோவ் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. இப்போது நாம் காணும் பேராலயம், அதே இடத்தில் எழுந்த மூன்றாவது ஆலயம். 1364ம் ஆண்டு அது அபிஷேகம் செய்யப்பட்டது. போலந்தின் அரசர்கள் பலர் முடிசூடியதும், அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான்.

பேராலயத்தின் நடுவே, வெள்ளிப் பேழையில் புனித ஸ்தனிஸ்லாஸ் அவர்களின் திருப்பண்டங்கள் உள்ளன. கிரக்கோவின் ஆயரான இவர், அரசர் இரண்டாம் போலெஸ்வாவுடன் ஏற்பட்ட மோதலால் 1079ம் ஆண்டு கொல்லப்பட்டார். ஆற்றங்கரையிலுள்ள ஸ்கவ்கா என்ற இடத்தில், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் கொல்லப்பட்டதாக மரபு கூறுகிறது. 1253ம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், அவருடைய திருப்பண்டங்களுடன் வாவெலிலிருந்து ஸ்கவ்காவுக்கு ஆயர்களும் மக்களும் பவனியாகச் செல்கின்றனர்.

இதே பேராலயத்தில் துயில்கொள்ளும் மற்றொருவர் புனித யாத்விகா. 1384ம் ஆண்டு அக்டோபர் 16 அன்று, சிறுமியாக இருந்தபோதே போலந்தின் ஆட்சியாளராக முடிசூட்டப்பட்டவர். லித்துவேனியாவின் கோமகன் யோகைலாவை அவர் மணந்ததன் வழியாக, அந்நாட்டு மக்கள் திருமுழுக்குப் பெறும் வழி திறந்தது. 1364ம் ஆண்டு மாமன்னர் காசிமிர் நிறுவிய கிரக்கோவ் பல்கலைக்கழகம் நலிந்து கிடந்தபோது, அதைப் புதுப்பிக்கத் தம் நகைகளை எழுதிவைத்துவிட்டு, 1399ம் ஆண்டு இளவயதிலேயே இறந்தார். அவருடைய கல்லறையைத் திறந்தபோது, அதனுள் இருந்த செங்கோல் மரத்தால் ஆனதாக இருந்தது. அரசிக்குரிய பொன் அங்கே இல்லை. புதுப்பிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் பயின்றவர்களுள் ஒருவர்தான் வானியல் அறிஞர் கோப்பர்னிக்கஸ். 1997ம் ஆண்டு ஜூன் 8 அன்று, கிரக்கோவிலேயே நடந்த திருப்பலியில், இரண்டாம் யோவான் பவுல் யாத்விகாவைப் புனிதராக அறிவித்தார். அவர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஓர் அக்டோபர் 16 அன்றுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

பேராலயத்தின் அடியில் புனித லெயோனார்டு பெயரிலான பழமையான நிலவறைச் சிற்றாலயம் உள்ளது. 1946ம் ஆண்டு நவம்பர் 1 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட கரோல் வொய்த்திவா, மறுநாள், இறந்த அனைத்து விசுவாசிகளின் நினைவு நாளன்று, இங்கேதான் தம் முதல் திருப்பலிகளை நிறைவேற்றினார். அப்போது அவருக்கு வயது 26. தாயும் அண்ணனும் அவருடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டனர். தந்தையும் 1941ம் ஆண்டு, போர்க்காலத்தில் இறந்திருந்தார். மகனின் முதல் திருப்பலியைக் காணக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. அந்த மூவருக்காகவும் அவர் அன்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

சந்தைச் சதுக்கம்

1241ம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பில் கிரக்கோவ் எரிந்து அழிந்தது. 1257ம் ஆண்டு கோமகன் போலெஸ்வாவ் நகரத்துக்குப் புதிய உரிமைப் பட்டயம் வழங்கினார். இவர் புனித கிங்காவின் கணவர். அப்போது வகுக்கப்பட்ட தெருக்களே பழைய நகரத்தில் இன்றும் உள்ளன. நடுவே ஏறக்குறைய 200 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட பரந்த சந்தைச் சதுக்கம். அதன் மையத்தில் துணி வணிகர்களின் நீண்ட மண்டபம். அதற்குள் இன்றும் சிறு கடைகள் நடைபெறுகின்றன.

சதுக்கத்தின் ஒரு மூலையில் அன்னை மரியா பசிலிக்கா தன் இரு கோபுரங்களுடன் நிற்கிறது. உயரமான கோபுரத்திலிருந்து, ஒவ்வொரு மணி நேரத்திற்கும் எக்காளம் ஊதப்படுகிறது. நான்கு திசைகளுக்கும் ஒருமுறை வீதம் ஊதப்படும் அந்த இசை, ஒவ்வொரு முறையும் பாதியிலேயே சட்டென்று நின்றுவிடும். பகைவர் வருவதைக் கண்டு எச்சரித்த காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் இசை அறுந்தது என்று ஊர் மக்கள் கதை சொல்வார்கள். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால், இப்பணியைச் செய்பவர்கள் தீயணைப்புப் படைவீரர்கள் என்பதும், நண்பகலில் ஊதப்படும் இசையைப் போலந்து வானொலி 1927ம் ஆண்டு முதல் நாடெங்கும் ஒலிபரப்பி வருகிறது என்பதும் உண்மை.

பசிலிக்காவின் உள்ளே பெரிய மரப்பீடம் உள்ளது. நியூரம்பெர்க் நகரிலிருந்து வந்த சிற்பி வீட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை 12 ஆண்டுகள் உழைத்து இதை உருவாக்கினார். இதன் உயரம் ஏறக்குறைய 13 மீட்டர். நடுவே, திருத்தூதர்கள் சூழ்ந்து நிற்க, அன்னை மரியா மெல்லச் சாய்ந்து துயில்கொள்ளும் காட்சி. திருத்தூதர்களின் முகச் சுருக்கங்களும், கைகளில் புடைத்த நரம்புகளும் உழைத்துக் களைத்த மனிதர்களுடையவை. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் இதைப் பிரித்தெடுத்து ஜெர்மனிக்குக் கொண்டுசென்றனர். போருக்குப்பின் நியூரம்பெர்க்கில் கண்டுபிடிக்கப்பட்டு, 1946ம் ஆண்டு போலந்துக்குத் திரும்பியது. சீரமைப்புக்குப் பிறகு, 1957ம் ஆண்டு மீண்டும் பசிலிக்காவில் வைக்கப்பட்டது.

நாடு இல்லாத நாள்களில்

1596ம் ஆண்டுக்குப் பின் அரசவை படிப்படியாக வார்சாவுக்கு மாறியது. கிரக்கோவ் தலைநகர் என்ற நிலையை இழந்தது. அதைவிடப் பெரிய இழப்பு பின்னர் வந்தது. இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1795ம் ஆண்டு முதல் 1918ம் ஆண்டு வரை, 123 ஆண்டுகள், போலந்து என்ற நாடே உலக வரைபடத்தில் இல்லை. அக்காலத்தில் மொழியையும் நினைவுகளையும் காத்தவை பெரும்பாலும் குடும்பங்களும் பங்குகளும்தான்.

அக்காலத்தில் கிரக்கோவில் வாழ்ந்த ஒருவரை நாம் நினைவுகூர வேண்டும். ஆதாம் க்மியெலோவ்ஸ்கி, 1863ம் ஆண்டின் விடுதலைப் போராட்டத்தில் ஒரு காலை இழந்த இளைஞர். பின்னர் பெயர்பெற்ற ஓவியரானார். நகரின் வீடற்றோர் குளிரில் ஒதுங்கும் கொட்டடிகளின் அவலத்தைக் கண்டபின், ஓவியத் தொழிலை விட்டுவிட்டு, துறவற உடை அணிந்து, சகோதரர் ஆல்பர்ட் என்ற பெயருடன் அவர்களுடனேயே போய்த் தங்கினார். 1916ம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அன்று இறந்தார். இளைஞர் வொய்த்திவா இவரைப் பற்றி நாடகம் எழுதினார். பின்னர் திருத்தந்தையாக, 1989ம் ஆண்டு இவரைப் புனிதராக அறிவித்தார். முள்முடி தாங்கிய இயேசுவை ஆல்பர்ட் வரைந்த ஓவியம், கிரக்கோவில் அவர் பெயரோடு இணைந்த திருத்தலத்தில் உள்ளது.

கசிமியெஷ்: மக்கள் இல்லாத தொழுகைக்கூடங்கள்

வாவெல் குன்றிலிருந்து சிறிது தூரம் தெற்கே நடந்தால் கசிமியெஷ் பகுதி வரும். 1335ம் ஆண்டு மாமன்னர் காசிமிர் தனி நகராக நிறுவியது. 1495ம் ஆண்டு அரச ஆணையினால் கிரக்கோவின் யூதர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஸ்கவ்கா ஆலயத்தின் மணியோசைக்கும் கூப்பிடு தூரத்தில், ஓய்வுநாள் செபங்கள் இத்தெருக்களில் ஒலித்தன. 1939ம் ஆண்டு போர் தொடங்கியபோது, கிரக்கோவின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் யூதர்.

நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் வாவெல் மாளிகையிலேயே குடியேறினார். 1939ம் ஆண்டு நவம்பர் 6 அன்று, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கூட்டத்துக்கு என்று அழைக்கப்பட்டு, 183 பேர் கைது செய்யப்பட்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1941ம் ஆண்டு மார்ச் மாதம், ஆற்றுக்கு அப்பால் பொத்கூஷே பகுதியில் யூதர்களை அடைத்துவைக்கும் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. முன்பு ஏறக்குறைய 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் 15,000க்கும் மேற்பட்டோர் நெருக்கி அடைக்கப்பட்டு, சுற்றிலும் மதில் எழுப்பப்பட்டது. 1942ம் ஆண்டு பல்லாயிரவர் பெல்செக் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1943ம் ஆண்டு மார்ச் 13, 14 நாள்களில் அக்குடியிருப்பு முற்றிலும் அழிக்கப்பட்டது.

அந்த மதிலுக்குள் மருந்துக்கடை நடத்த அனுமதிக்கப்பட்ட ஒரே போலந்துக்காரர் ததேயுஷ் பங்கியேவிச். யூதரல்லாத அவர், மருந்தும் உணவும் கொடுத்தார். செய்திகளைக் கொண்டுசேர்த்தார். ஒளிந்திருக்கும் குழந்தைகள் அழுது காட்டிக்கொடுத்துவிடாதபடி தூக்க மருந்தும் கொடுத்தார். அவருடைய கடை இன்று அருங்காட்சியகம். அதன் எதிரேயுள்ள சதுக்கத்தில், 2005ம் ஆண்டு முதல், உலோகத்தாலான வெறும் நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. உட்கார ஆளில்லாத நாற்காலிகள். அதுவே நினைவுச்சின்னம்.

கசிமியெஷில் ஏழு பழைய தொழுகைக்கூடங்கள் இன்றும் நிற்கின்றன. ரெமு தொழுகைக்கூடத்தில் இன்னும் செபம் நடக்கிறது. மிகப் பழமையான தொழுகைக்கூடமோ அருங்காட்சியகமாகிவிட்டது. 1988ம் ஆண்டு தொடங்கிய யூதப் பண்பாட்டு விழா இப்பகுதிக்கு மீண்டும் உயிரூட்டியது. சிறிய அளவில் யூத சமூகமும் வாழ்கிறது. ஆனால், தெரு முழுவதும் நிறைந்திருந்த அந்தக் குடும்பங்கள் திரும்பி வரவில்லை.

இந்தக் கொடுமையைச் செய்தவர்கள் நாஜிகள். அவர்களுடைய கையில் கத்தோலிக்கரும் மாண்டார்கள். கிரக்கோவுக்கு மேற்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவுஷ்விட்ஸ் முகாமில், 1941ம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, இன்னொரு கைதிக்காகத் தன்னைக் கையளித்து உயிர்விட்ட புனித மாக்சிமிலியன் கோல்பேயை நாம் அறிவோம். எனினும், போர் முடிந்த பின்னும், 1945ம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, முகாம்களிலிருந்து தப்பித் திரும்பியிருந்த யூதர்களைக் கிரக்கோவ் மக்களில் சிலரே தாக்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை ஆலயங்கள் நிறைந்த ஊரிலும் வெறுப்பு குடியிருக்க முடியும். 1986ம் ஆண்டு உரோமைத் தொழுகைக்கூடத்திற்குள் சென்று, 2000ம் ஆண்டு எருசலேமின் மேற்குச் சுவர் முன் மன்னிப்புக் கேட்டுச் செபித்த திருத்தந்தை, இந்நகரில் வாழ்ந்து இவற்றைக் கண்ணால் கண்டவர்.

நோவா ஹூத்தா: ஆலயம் இல்லாத மக்கள்

போருக்குப்பின் ஆட்சிக்கு வந்த கம்யூனிச அரசு, 1949ம் ஆண்டு, கிரக்கோவின் கிழக்கே பெரும் எஃகு ஆலையையும், அதன் தொழிலாளர்களுக்காக ஒரு புதிய நகரையும் கட்டத் தொடங்கியது. நோவா ஹூத்தா என்ற அப்பெயருக்குப் 'புதிய உருக்காலை' என்று பொருள். அகன்ற சாலைகள், அடுக்குமாடி வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை அனைத்தும் திட்டத்தில் இருந்தன. ஆலயம் மட்டும் இல்லை. கடவுள் தேவைப்படாத ஒரு முன்மாதிரி நகரமாக அது எண்ணப்பட்டது.

ஆனால், அங்கே குடியேறியவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த விசுவாசிகள். ஆலயம் கட்ட இடம் கேட்டார்கள். 1956ம் ஆண்டு அரசியல் சற்றுத் தளர்ந்தபோது இடம் ஒதுக்கப்பட்டது. மக்கள் அங்கே ஒரு மரச்சிலுவையை நட்டார்கள். பின்னர் அரசு அனுமதியைத் திரும்பப் பெற்று, அவ்விடத்தில் பள்ளி கட்டப்போவதாகச் சொன்னது. 1960ம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சிலுவையை அகற்ற ஆட்கள் வந்தபோது, முதலில் எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். மாலையில் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, காவல்துறையுடன் பெரும் மோதல் ஏற்பட்டது. நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். சிலுவை அங்கேயே நின்றது.

1958ம் ஆண்டு கிரக்கோவின் துணை ஆயரான வொய்த்திவா, மறு ஆண்டு முதல் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியை நோவா ஹூத்தாவின் திறந்தவெளியில் நிறைவேற்றி வந்தார். டிசம்பர் மாதப் போலந்துக் குளிரில், கூரையில்லாமல், பனியில் நின்று மக்கள் திருப்பலி கண்டார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இழுபறிக்குப்பின், 1967ம் ஆண்டு கட்ட அனுமதி கிடைத்தது. புனித பேதுருவின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட கல்லை, அடிக்கல்லாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் கொடுத்தார். அரசு உதவி இல்லாமல், உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த தன்னார்வலர்களும் பங்கு மக்களும் உழைத்தார்கள். ஆற்றுக் கூழாங்கற்களை இலட்சக்கணக்கில் திரட்டி வெளிச்சுவரில் பதித்தார்கள். கப்பலைப் போன்ற வடிவில் எழுந்த 'ஆண்டவரின் பேழை' ஆலயத்தை, 1977ம் ஆண்டு மே 15 அன்று கர்தினால் வொய்த்திவா அபிஷேகம் செய்தார். மோந்தே காசினோ போரில் காயமுற்ற போலந்து வீரர்களின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட உலோகச் சில்லுகளை உருக்கிச் செய்த அன்னை மரியா திருவுருவம் இவ்வாலயத்தில் உள்ளது.

இரு ஆண்டுகளுக்குப்பின் அவர் திருத்தந்தையாக வந்தபோது, அரசு அவரை நோவா ஹூத்தாவுக்குள் விடவில்லை. 1979ம் ஆண்டு ஜூன் 9 அன்று, அருகிலுள்ள மோகிவா சிஸ்டர்சியன் துறவு மடத்தில் திருப்பலி நிறைவேற்றினார். 13ம் நூற்றாண்டிலிருந்து அங்கே நின்று செபித்துவரும் மடம் அது. கடவுள் இல்லாத நகரைத் திட்டமிட்டவர்கள் அதற்குப் பக்கத்திலேயே இடம் தேர்ந்திருந்தார்கள். நோவா ஹூத்தாவில் நின்ற லெனின் சிலை 1989ம் ஆண்டு அகற்றப்பட்டது.

இறை இரக்கத்தின் திருத்தலமும் உப்புச் சுரங்கமும்

நகரின் தெற்கே வாகியெவ்னிகியில், புனித ஃபவுஸ்தீனா 1938ம் ஆண்டு அக்டோபர் 5 அன்று, 33 வயதில் இறந்த துறவு மடம் உள்ளது. நம் ஊர் ஆலயங்கள் பலவற்றிலும் வீடுகளிலும் காணும் இறை இரக்கப் படத்தின் பக்தி இவரிடமிருந்து பரவியது. போர்க்காலத்தில் அருகிலிருந்த இரசாயன ஆலையில் வேலை செய்த வொய்த்திவா, மரக் காலணிகளோடு இவ்வழியே நடந்து செல்வார். 2002ம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று அங்கே எழுந்த புதிய பசிலிக்காவை அபிஷேகம் செய்தபோது, அந்நாள்களை அவரே நினைவுகூர்ந்தார்.

கிரக்கோவின் தென்கிழக்கே வியெலிச்கா உப்புச் சுரங்கம். நூற்றாண்டுகளாக உப்பு வெட்டப்பட்ட இச்சுரங்கத்தில், பூமிக்கு 101 மீட்டர் கீழே, புனித கிங்காவின் சிற்றாலயம் உள்ளது. பீடம், சிற்பங்கள், தரை எல்லாம் உப்புப் பாறை. 1896ம் ஆண்டு தொடங்கி, சுரங்கத் தொழிலாளர்களே பல பத்தாண்டுகள் செதுக்கி இதை உருவாக்கினார்கள். வேலைக்கு இறங்கும் மனிதர் உயிரோடு ஏறி வருவது உறுதியில்லாத இடத்தில், தாங்கள் செபிக்க அவர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஆலயம் இது.

நமக்கு

அன்பர்களே, கிரக்கோவுக்கு நேரில் சென்றுவரும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிடைக்கலாம். ஆனால், அந்நகரம் கேட்கும் கேள்வி நம் பங்குகளுக்கும் உரியது. ஆலயம் கட்டுவதும், பழையதை இடித்துப் புதிதாக எழுப்புவதும், கோபுரத்தை உயர்த்துவதும் நம் ஊர்களிலும் தொடர்ந்து நடப்பவை. அவை நல்லவையே. வாவெல் பேராலயமும், வீட் ஷ்டோஸின் பீடமும் மக்களின் அன்பிலிருந்து பிறந்தவைதான்.

இருப்பினும், பனியில் நின்ற நோவா ஹூத்தா மக்களுக்குக் கூரை வரும் முன்பே திருச்சபை இருந்தது. கசிமியெஷில் சுவர்கள் தப்பின, மக்களைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. ஆலயம் இல்லாவிட்டால் மக்கள் அதைக் கட்டிக்கொள்வார்கள். மக்கள் போய்விட்டால் ஆலயம் அவர்களைக் கட்டித்தர முடியாது.

எனவே, நம் பங்கின் நிலையைப் பார்க்கும்போது, கட்டிடத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், யார் வராமல் போனார்கள் என்றும் கேட்போம். முதியோர், வேலை தேடி வெளியூர் சென்றோர், சண்டையால் ஒதுங்கியோர், நாம் ஒதுக்கிவைத்தோர் என்று அந்தப் பட்டியல் நீளலாம். நம் தெருவில் வேறு சமயத்தினர் வாழ்ந்தால், ஒரு நெருக்கடி நாளில் அவர்களுக்காகக் கதவைத் திறந்துவைப்போமா என்றும் கேட்போம். மரச் செங்கோலோடு அடக்கமான அரசியும், ஓவியத் தூரிகையைக் கீழே வைத்த சகோதரர் ஆல்பர்ட்டும், மதிலுக்குள் கடையைத் திறந்துவைத்த மருந்துக்கடைக்காரரும் அந்தக் கேள்விக்குத் தங்கள் வாழ்வால் பதில் சொன்னவர்கள். அந்த வரிசையில் நாமும் சேர இறைவன் அருள்புரிவாராக.